வண்டி இன்சூரன்ஸ் கொட்டேஷனை வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும் பக்கம்: ஏஜென்ட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணி. நாளை மறுநாள் கார் இன்சூரன்ஸ் முடிகிறது என்று ஒருவருக்கு மெசேஜ் வருகிறது. அந்த நேரத்தில் ஏஜென்ட்டை அழைக்கத் தயக்கம். தேடிப்பார்த்து ஒரு இணையதளத்துக்குப் போகிறார். 'உங்கள் பிரீமியத்தை ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளுங்கள்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், ஓ.டி.பி என்று எல்லாவற்றையும் கொடுத்து முடித்தால், 'எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களை அழைப்பார்' என்கிறது திரை.

இது எனக்கே நடந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள், தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. விலை மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஏஜென்ட்டுகளுக்கு இணையதளம் செய்துகொடுக்கும் வேலைக்கு வந்தபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: விலை கேட்டு வந்தவருக்கு முதலில் விலையைச் சொல்ல வேண்டும், அந்த விலையிலேயே பாலிசி கிடைக்கவும் வேண்டும். கீழே இருக்கும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

கார், இருசக்கர வாகன இன்சூரன்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதில் கணக்கு வெளிப்படையானது, ஆறேழு கேள்விகளில் விலையைச் சொல்லிவிடலாம். மருத்துவக் காப்பீட்டில் வயது, பழைய நோய்கள் என்று வேறு சிக்கல்கள் உண்டு.

முதல் படி: காட்ட உரிமை இருக்கிறதா?

இந்தியாவில் இன்சூரன்ஸ் விற்க, இத்துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிகளின்படி பதிவு வேண்டும். ஏஜென்ட், பி.ஓ.எஸ்.பி (எளிய பாலிசிகளை விற்கும் விற்பனையாளர்), புரோக்கர், இணைய ஒப்பீட்டு நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எல்லை தனி. தனி ஏஜென்ட் தான் சேர்ந்திருக்கும் நிறுவனத்தின் விலையைக் காட்டலாம். பத்து நிறுவனங்களை வரிசைப்படுத்தி 'எது மலிவு' என்று ஒப்பிட்டுக் காட்டுவது புரோக்கருக்கும் ஒப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிய வேலை. பி.ஓ.எஸ்.பி என்றால் அவரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அல்லது புரோக்கரின் தளம் வழியாகத்தான் விற்பனை நடக்க வேண்டும். தளம் தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்திடமோ புரோக்கரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். உங்கள் பதிவு எண் பக்கத்தின் அடியில் தெரியட்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'எங்களிடம் எடுத்தால் 500 ரூபாய் திருப்பித் தருகிறோம்' என்று பக்கத்தில் போடாதீர்கள். 1938ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41வது பிரிவு, கமிஷனிலிருந்து வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுப்பதைத் தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். வாய்வார்த்தையாகச் சொல்வதே தவறு என்றால், இணையதளத்தில் எழுதிவைப்பது நீங்களே சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது படி: மூன்று வழிகளில் எது?

எளிய வழி, நிறுவனமோ புரோக்கரோ தரும் லிங்க்கை உங்கள் தளத்தில் வைப்பது. உங்கள் ஏஜென்ட் குறியீடு அதிலேயே இருக்கும். செலவு இல்லை, விலையும் தவறாது. ஆனால் திரையில் ஒரு வார்த்தையைக்கூட உங்களால் மாற்ற முடியாது.

இரண்டாவது, ஏ.பி.ஐ இணைப்பு. கேள்விகளை உங்கள் பக்கம் கேட்கும், பதில்கள் நிறுவனத்தின் கணினிக்குப் போகும், விலை திரும்பி வரும். புரோக்கர் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இதுவே சரி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வேகத்தில் பதில் தரும். எல்லாம் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், வந்த விலையை வந்தவுடன் காட்டுங்கள்.

மூன்றாவது, நீங்களே கணக்குப் போட்டு ஒரு உத்தேச விலை காட்டுவது. தனி ஏஜென்ட்டுக்கு இது கைகொடுக்கும், ஆனால் 'உத்தேசம்' என்ற சொல் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கணக்கு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏ.பி.ஐ தருகிற விலையும் நீங்கள் அனுப்பும் பதில்களைப் பொறுத்ததுதான்.

மூன்றாவது படி: கேள்விகள்

வண்டி எண்ணைக் கேட்டு, அரசின் வண்டிப் பதிவு விவரங்கள் உள்ள 'வாகன்' தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. அது இருந்தால் பாதிக் கேள்விகள் குறையும். ஆனாலும் வந்த விவரத்தைத் திரையில் காட்டி, 'இது உங்கள் வண்டிதானா?' என்று உறுதி செய்யுங்கள். வேரியன்ட் (ஒரே மாடலின் துணை வகை) பல நேரம் தவறாக வரும். அதைத் திருத்தும் வசதி அவசியம்.

முக்கியமாகக் கேட்க வேண்டியவை இவை: வண்டி என்ன மாடல், எந்த வேரியன்ட்; எந்த மாதம், எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவானது, இப்போதைய பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது, அந்தப் பாலிசியில் க்ளைம் வாங்கினீர்களா, அதில் என்.சி.பி (க்ளைம் வாங்காததற்கான தள்ளுபடி) எத்தனை சதவீதம். வண்டி சமீபத்தில் பெயர் மாறியதா. சி.என்.ஜி கிட் பொருத்தியிருந்தால் அதையும் கேளுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். 'சுயசேதக் காப்பீடு வேண்டுமா?' (சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு) என்று கேட்டால் யாருக்கும் புரியாது. நம் ஊரில் மக்கள் கேட்பது 'ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமா)?' என்றுதான். அதையே எழுதுங்கள். பழுதுச் செலவில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷனை 'பம்பர் டு பம்பர்' என்றால் சட்டென்று புரியும். என்.சி.பி கேள்விக்குக் கீழே, 'பழைய பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியக் கட்டத்துக்குள் இருக்கும்' என்று ஒரு வரி சேருங்கள், முடிந்தால் அந்த இடத்தை வட்டமிட்ட படமும் வையுங்கள். 'தெரியவில்லை' என்று ஒரு விருப்பமும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு எண்ணை அழுத்திவிடுவார்கள். நாளைக்கு க்ளைம் நேரத்தில் அது பிரச்சினையாக வந்து நிற்கும்.

மின்சார வண்டிகளை மறக்காதீர்கள். அவற்றுக்கு சி.சி. கிடையாது, கிலோவாட் கணக்குத்தான். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவரிடம் சி.சி. கேட்கும் படிவம் அங்கேயே முடங்கிவிடும்.

நான்காவது படி: கணக்கு

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒரு உதாரணத்தை வைத்துப் போவோம். மதுரையில் பதிவான 1,197 சி.சி. கார். நான்கு வயது முடியப்போகிறது. க்ளைம் ஒன்றும் இல்லை.

முதலில் ஐ.டி.வி, அதாவது வண்டி முழுதாகப் போனால் நிறுவனம் தரும் தொகை. இதை வாங்கிய விலையிலிருந்து கணக்கிடக் கூடாது. அதே மாடலுக்கு இன்றைய விற்பனை விலை என்னவோ அதிலிருந்து தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். தேய்மானம் ஆறு மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, மூன்று வருடம் வரை 30%, நான்கு வருடம் வரை 40%, ஐந்து வருடம் வரை 50%. ஐந்தைத் தாண்டினால் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. நம் காரின் இன்றைய விலை 8,00,000 என்று வைத்துக்கொள்வோம். 40% கழித்தால் ஐ.டி.வி 4,80,000.

அடுத்து, வண்டிச் சேதத்துக்கான பிரீமியம். 2007 ஜனவரி முதல் இந்தப் பகுதியில் நிறுவனங்களுக்கு விலைச் சுதந்திரம் உண்டு. ஆனாலும் பல நிறுவனங்கள் 2002ம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் (விலைப்பட்டியல்) சதவீதங்களில் தொடங்கி, தங்கள் தள்ளுபடியைக் கழிக்கின்றன. அந்த டாரிஃபில் சென்னை, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற எட்டு நகரங்கள் ஏ மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் பி மண்டலம். ஐந்து வயதுக்குள் இருக்கும் 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு ஏ மண்டலத்தில் 3.283%, பி மண்டலத்தில் 3.191%. கார் இப்போது எங்கே ஓடுகிறது என்பது கணக்கில் வராது, எங்கே பதிவானது என்பதுதான். சென்னையில் வேலை பார்ப்பவரின் மதுரைப் பதிவு கார் பி மண்டலம். ஆகவே 'எந்த ஊரில் இருக்கிறீர்கள்?' என்று கேட்டு மண்டலத்தை முடிவு செய்யும் பக்கங்கள் தவறான விலை காட்டும்.

4,80,000க்கு 3.191% என்றால் 15,316.80. நிறுவனத் தள்ளுபடி 60% என்று கொள்வோம் (இது உதாரணத்துக்குத்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). மிச்சம் 6,126.72.

இப்போது என்.சி.பி. க்ளைம் இல்லாத வருடங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம். நான்கு வருடம் க்ளைம் இல்லாததால் 45%. கழித்தால் 3,369.70.

தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1ல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி கார்களுக்கு 1,000 சி.சி. வரை 2,094, 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய். இருசக்கர வாகனங்களுக்கு 75 சி.சி. வரை 538, 150 வரை 714, 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. நம் காருக்கு 3,416.

இரண்டையும் கூட்டினால் 6,785.70. ஜி.எஸ்.டி 18% சேர்த்தால் 8,007 ரூபாய். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அவரிடம் வேறு பாலிசியில் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அதுவும் சேரும். இதை ஒரு கேள்வியாகக் கேட்டே ஆக வேண்டும்.

என்.சி.பி.யை எந்த இடத்தில் கழிக்கிறோம் என்பதைப் பாருங்கள். அது வண்டிச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும்தான். கணக்குப் பக்கம் செய்தவர் கவனமில்லாமல் மொத்தத்திலிருந்து 45% கழித்துவிட்டால் திரையில் 6,193 என்று வரும். உண்மை விலையைவிட 1,814 ரூபாய் குறைவு. அந்த விலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வந்தவருக்கு 8,007 கேட்டால், உங்களைப் பற்றி என்ன நினைப்பார்?

வழக்கமாகத் தவறும் இன்னும் நான்கு இடங்கள்:

2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருடத்துக்கும், புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். அப்படியானால் மூன்று வயது ஸ்கூட்டருக்குப் புதுப்பிக்க வேண்டியது வண்டிச் சேதக் காப்பீடு மட்டுமே. அவரிடம் இன்னொரு 714 ரூபாய் வாங்கினால் ஒரே காப்பீட்டுக்கு இரண்டு முறை வாங்கியதாகும்.

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் என்.சி.பி போய்விடும். முடிவுத் தேதியைக் கேட்ட உடனேயே பக்கம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, 'என்.சி.பி இனி கிடைக்காது' என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சும்மா விலை கூடியதாகக் காட்டினால் ஏமாற்றுவதாக நினைப்பார்கள்.

என்.சி.பி வண்டியோடு போகாது, உரிமையாளரோடு போகும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவருக்குப் பழைய உரிமையாளரின் 50% சேராது. பெயர் மாற்றக் கேள்வி இதற்காகத்தான். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157வது பிரிவு சொல்கிறது. அந்தத் திரையிலேயே இதை நினைவூட்டிவிடுங்கள், பலருக்குத் தெரிவதில்லை.

கடைசியாக வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி இல்லை. கார், இருசக்கர வாகனங்களுக்கு 18% தொடர்கிறது. எல்லா வகை இன்சூரன்ஸுக்கும் ஒரே வரி எண்ணை எழுதிவைத்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். தேர்ட் பார்ட்டி விலை, வரி, தேய்மானம் எல்லாமே தேதியோடு ஒரு அட்டவணையில் இருக்கட்டும். புது அறிவிப்பு வரும்போது அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஐந்தாவது படி: விலையைக் காட்டும் திரை

முதலில் தெரிய வேண்டியது ஜி.எஸ்.டி உட்பட கட்ட வேண்டிய மொத்தத் தொகை. வரியைக் கடைசித் திரைவரை ஒளித்துவைக்காதீர்கள். மொத்தத்துக்குக் கீழே, மேலே நாம் போட்ட கணக்கை அப்படியே பிரித்துக் காட்டுங்கள்: வண்டிச் சேதத்துக்கு இவ்வளவு, என்.சி.பி கழிவு இவ்வளவு, தேர்ட் பார்ட்டி இவ்வளவு, வரி இவ்வளவு. எங்கள் ஊர் மளிகைக் கடையில்கூட சீட்டில் வரிவரியாக எழுதித் தருகிறார்கள்.

ஐ.டி.வி.யைக் கூட்டிக் குறைக்கும் வசதியைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பார்ப்பவர் விலை குறைகிறதே என்று அதைக் கீழே இழுப்பார். நம் உதாரணத்தில் ஐ.டி.வி.யை 10% குறைத்தால் பிரீமியத்தில் மிச்சமாவது வரியோடு சேர்த்து 398 ரூபாய். கார் திருடு போனால் அவர் இழப்பது 48,000 ரூபாய். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலும் முழு இழப்புக் கணக்குத்தான், அப்போதும் இதே இழப்பு. அந்த வசதியை வைப்பதானால் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியட்டும். முடிவை அவர் எடுக்கட்டும்.

கூடுதல் காப்பீடுகளை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். பம்பர் டு பம்பர், எஞ்சின் பாதுகாப்பு ஒவ்வொன்றுக்கும் எதற்கு உதவும் என்று ஒரு வரி, எவ்வளவு கூடும் என்று ஒரு எண். சென்னையில் தாழ்வான பகுதியில் கார் நிறுத்துபவருக்கு எஞ்சின் பாதுகாப்பு தேவைதான். 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும் ஊரில் அதை விளக்க அதிகம் எழுத வேண்டியதில்லை.

பல நிறுவனங்களின் விலையைக் காட்டும் புரோக்கர் என்றால், எந்த அடிப்படையில் வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குக் கமிஷன் அதிகம் தருவது முதலில் வருவது நியாயமே இல்லை.

ஆறாவது படி: போன் நம்பர்

விலை தெரிந்த பிறகு கேளுங்கள். 'இந்தக் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பவா?' என்று கேட்டால், வேண்டுமென்பவர் தானாகக் கொடுப்பார். நம்பர் குறைவாகத்தான் வரும் என்று ஏஜென்ட்டுகள் என்னிடம் வாதிடுவார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் வருகிற ஒவ்வொரு நம்பரும் விலையைப் பார்த்துவிட்டு, உங்கள் பேச்சைக் கேட்க விரும்பும் ஆளுடையது.

2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. சம்மதம் கட்டாயமின்றி, எதற்கென்று தெளிவாகத் தெரிந்து, அவரே செய்யும் செயலால் வர வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சம்மத அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். தமிழ் அதில் உண்டு. அதனால் சம்மத வாசகத்தை நல்ல தமிழில் எழுதுங்கள்: 'இந்தக் கொட்டேஷனை அனுப்பவும், இதைப் பற்றி ஒருமுறை அழைக்கவும் மட்டும் உங்கள் எண்ணைப் பயன்படுத்துவோம்.' எழுதியபடியே நடந்துகொள்ளுங்கள்.

ஏழாவது படி: கொட்டேஷனிலிருந்து பாலிசிக்கு

விலையைப் பார்த்தவுடன் வண்டிக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டது என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் வந்து சேராமல் நிறுவனத்தின் பொறுப்பு தொடங்காது. கொட்டேஷன் பி.டி.எஃப்பின் மேலேயே பெரிய எழுத்தில் 'இது பாலிசி அல்ல' என்று இருக்கட்டும். இந்த விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் எழுதுங்கள்.

2023 ஜனவரி 1 முதல் எல்லாப் புதிய பாலிசிக்கும் கே.ஒய்.சி (அடையாளச் சரிபார்ப்பு) கட்டாயம். அதை இந்தக் கட்டத்தில் கேளுங்கள், விலைக்கு முன்னால் வேண்டாம். காரின் பாலிசி முடிந்துபோயிருந்தால் ஃபுல் இன்சூரன்ஸுக்கு முன் நிறுவனம் வண்டியைப் பார்க்கக் கேட்கும், போட்டோ அல்லது வீடியோ வழியாகவும் நடக்கும். இது பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் கோபம்தான் வரும். முடிவுத் தேதி கடந்துவிட்டது என்று தெரிந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000. விபத்தில் யாருக்காவது காயம்பட்டால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

எட்டாவது படி: சோதனை

நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொடுத்த பாலிசிகளில் இருபதை எடுங்கள். சென்னைப் பதிவு கார், திருநெல்வேலிப் பதிவு ஸ்கூட்டர், மின்சார வண்டி, க்ளைம் வாங்கியது, பெயர் மாறியது, பாலிசி முடிந்து நூறு நாள் ஆனது என்று கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றின் விவரத்தையும் பக்கத்தில் போட்டு, பாலிசியில் அச்சாகியிருக்கும் பிரீமியம் வருகிறதா பாருங்கள். பாலிசி போட்ட தேதியின் விலைப்பட்டியலை வைத்துப் பாருங்கள், இன்றையதை அல்ல. ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ரூபாயை முழுமையாக்கும் இடம் மாறியிருக்கலாம், மண்டலம் தவறியிருக்கலாம்.

அப்புறம், கணினி வேலை தெரியாத ஒருவரிடம், மெதுவான நெட் உள்ள சாதாரண போனில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தபோது 'பதிவு மாதம்' என்ற கேள்வியில் நின்றுவிட்டார். ஆர்.சி புக்கில் எங்கே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்த பிறகு நகர்ந்தார்.

பக்கம் ஓடத் தொடங்கியதும் எந்தக் கேள்வியில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு கொட்டேஷனையும், அதற்குப் பயன்பட்ட விலைப்பட்டியலின் தேதியோடு சேமித்துவையுங்கள். 'போன வாரம் 8,007 காட்டியதே, இன்று ஏன் கூடியது?' என்று ஒருவர் கேட்கும்போது, இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியது என்று காட்ட முடிய வேண்டும்.